பிடியரிசியும் அட்டை உண்டியலும்

அன்புள்ள அண்ணா,

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் நான். தனியார் பள்ளியில் ஆசிரியை. திருநீற்றுப் புதன் அன்று எங்கள் கோவிலில் வீட்டுக்கு ஒரு அட்டை உண்டியல் கொடுத்தார்கள். ஒருசந்தி இருந்து மிச்சம் பிடிக்கும் காசை அதில் போட்டு, குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவரச் சொன்னார் சாமியார். பசியில் வாடுகிறவர்களுக்கும், நிலநடுக்கம் வெள்ளம் என்று எங்கெங்கோ சிக்கியவர்களுக்கும் போகுமாம். எட்டாவது படிக்கும் என் மகன் பஸ் காசில் மிச்சம் பிடித்துத் தினமும் போடுகிறான். மாமியாரோ, "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். மாங்காய்க்கு விலையே இல்லாத வருஷத்துல எந்த தேசத்துக்கோ எதுக்கு?" என்கிறார். பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர், சர்ச் உதவி என்றாலே மதம் மாற்றத்தான் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் காசு உண்மையிலேயே போய்ச் சேருகிறதா? அஞ்செட்டி மலையில் ரோடு இல்லாமல் டோலி கட்டி நோயாளியைத் தூக்கிவருகிறார்கள், அவர்களுக்குக் கொடுத்தால் என்ன? மகன் வேறு, "இந்த ரெண்டு ரூபாய் காசு அப்படியே ஆப்பிரிக்கா போகுமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

நான் உங்கள் கோவிலைச் சேர்ந்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவார்கள். ஆனால் வேலை தேடி அலைந்த காலத்தில் தர்மபுரி பக்கம் சர்ச் சார்ந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று வருஷம் கணக்கு எழுதினேன். வெளிநாட்டுப் பணத்துக்கு வவுச்சர் ஒட்டுவதும் பயனாளியிடம் கைநாட்டு வாங்குவதும்தான் வேலை. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு மரியாதையும் உண்டு, சந்தேகமும் உண்டு.

மாமியாரிடமிருந்தே தொடங்குவோம். விற்ற காசு பறிப்புக் கூலிக்கே காணாது என்று மாங்காயை மரத்திலேயே விட்டுவிடுகிற வருஷத்தில் அவர் வேறு எப்படிப் பேசுவார்? ஆனால் அவரிடமே ஒன்று கேட்டுப்பாருங்கள். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அடுப்படியில் பிடியரிசிப் பானை என்று ஒன்று இருந்திருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போட்டுவிடுவார்கள், மாதக் கடைசியில் அது கோவிலுக்கோ இல்லாத வீட்டுக்கோ போகும். கிறிஸ்தவ வீடுகளிலும் இருந்தது, மற்ற வீடுகளிலும் இருந்தது. எங்கள் வீட்டில் அரிசிச் சோறே விசேஷ நாளில்தான் என்பதால் என் பாட்டி கேழ்வரகு மாவில் பிடி எடுப்பார். களி கிண்டும் துடுப்பை இடது கையில் வைத்துக்கொண்டு, வலது கையால் மாவை அள்ளிப் பானையில் போட்டு, விரலில் ஒட்டியதைக்கூட அதன் விளிம்பிலேயே தட்டிவிடுவார். சாப்பிட்டு மிஞ்சியதிலிருந்து அவர் எடுத்ததே இல்லை, அளக்கும்போதே எடுத்துவிடுவார். மிஞ்சினால் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் எங்கள் வீட்டில் அந்தப் பானை நிறைந்திருக்காது, ஏனென்றால் எங்களுக்கு எதுவும் மிஞ்சியதில்லை.

வெளிநாட்டுச் சர்ச் உதவி நிறுவனங்கள் எல்லாம் பணக்காரர்கள் செக் கிழித்துக் கொடுத்துத் தொடங்கியவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. ஜெர்மனியில் கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) 1958-ல் தொடங்கிய மிசெரியோர் என்ற நிறுவனம், உங்கள் உண்டியலைப்போலத் தவக்கால வசூல்தான். அடுத்த வருஷமே அங்குள்ள புராட்டஸ்டண்ட் சபைகள் 'உலகுக்கு ரொட்டி' என்று அர்த்தம் வரும் பெயரில் இன்னொன்றைத் தொடங்கின, அதன் முதல் வேண்டுகோளில் இந்தியாவின் பட்டினிதான் முன்னால் நின்றது. 1959 என்றால் போர் முடிந்து 14 வருஷம், அவ்வளவுதான். அமெரிக்கச் சபைகள் கப்பலில் அனுப்பிய மாவையும் பழைய கோட்டுகளையும் வாங்கிப் பிழைத்த ஞாபகம் அந்த ஜனங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. இங்கிலாந்தில் 1960-ல் கத்தோலிக்கப் பெண்கள் குடும்பத்தோடு ஒருநாள் ஒருசந்தி இருந்து, மிச்சமான காசை டொமினிக்கா என்ற கரீபியத் தீவில் ஒரு தாய்சேய் மருத்துவ மையத்துக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து இரண்டு வருஷம் கழித்துப் பிறந்ததுதான் காஃபோட் என்ற நிறுவனம். உங்கள் அட்டை உண்டியல் அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

சரி, காசு எங்கே போகிறது? பங்கில் எண்ணி, ஆயர் தலைமையில் இருக்கும் மறைமாவட்டத்துக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து டெல்லியில் இருக்கும் காரித்தாஸ் இந்தியா மாதிரியான அமைப்புக்குப் போகும். 1962-ல் இந்திய ஆயர்கள் தொடங்கியது அது. இதில் உங்கள் மாமியாருக்கு ஆறுதலான ஒரு சங்கதி இருக்கிறது. நம் நாட்டில் ஒரு அறக்கட்டளை வசூலித்த பணத்தை நினைத்தவுடன் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இந்தியாவுக்கு வெளியே செலவழித்த தொகைக்கு வருமான வரிச் சட்டம் லேசில் விலக்கு தராது, தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் தவக்கால வசூல் பெரும்பாலும் நாட்டுக்குள் நடக்கும் வேலைக்கே போகிறது. இந்த வருஷம் எதற்கு என்று சாமியாரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், சீட்டுப் போட்டவர் ஏலம் எவ்வளவுக்குப் போனது என்று கேட்பதில்லையா?

அப்படியும் வெளிநாட்டுக்குப் போகிற பணம் எப்படி வேலை செய்கிறது என்றால், காரித்தாஸ் என்ற இந்தக் கத்தோலிக்க உதவி அமைப்பு 160-க்கும் மேலான நாடுகளில் அந்தந்த ஊர் ஆட்களை வைத்தே நடக்கிறது. நேபாளத்தில் 2015 ஏப்ரலில் நிலம் நடுங்கிச் சுமார் 9,000 பேர் செத்தபோது, வெளியிலிருந்து ஆள் போய் இறங்குவதற்கு முன்பே அங்கே காரித்தாஸ் நேபாளம் இருந்தது, அதன் ஆட்களுக்கு எந்த ஊருக்கு எந்தப் பாதையில் போகலாம் என்று தெரியும். அந்த நாட்டில் கத்தோலிக்கர்கள் விரல்விட்டு எண்ணுகிற கூட்டம்தான், தார்ப்பாயும் அரிசியும் வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் பௌத்தர்களும். இதற்கெல்லாம் அளவுகூட வைத்திருக்கிறார்கள். முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. 15 லிட்டர் என்பது நம்மூர்ப் பிளாஸ்டிக் குடம் ஒன்று, குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து. கோடையில் நம் பக்கத்துத் தெருக்குழாயில் நின்றவர்களுக்கு அந்த ஒரு குடத்தின் அருமை தெரியும்.

காசாக அனுப்பச் சொல்வதற்கும் காரணம் உண்டு. 2004 சுனாமி சமயத்தில் நாடே உருகிப் பழைய துணியை மூட்டை கட்டி லாரி லாரியாக அனுப்பியது. நாகப்பட்டினம், கடலூர் பக்கம் அது சாலையோரத்தில் குப்பைமேடாகக் கிடந்து மழையில் ஊறியது. வலையும் படகும் போன மீனவருக்கு யாரோ கட்டிக் கழித்த சேலை எதற்கு?

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஒரு திட்டம் வந்தது. ஐரோப்பாவில் ஒரு சபையின் ஜனங்கள் காசு சேர்த்து, நம் மலையோர ஊர் ஒன்றில் 40 பெண்களுக்கு ஆளுக்கொரு கலப்பினப் பசு வாங்கிக் கொடுத்தார்கள். மாடு வந்து இறங்கிய அன்று நெற்றியில் குங்குமம் வைத்து, மாலை போட்டு, காதில் மஞ்சள் வில்லை தெரிகிற மாதிரி நிறுத்தி போட்டோ எடுத்தோம். அந்த ஊரில் மழை பெய்தால் சாமையும் கொள்ளும் விளையும், பெய்யாவிட்டால் ஆட்டுக்கே தழை கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று நாலு குடம் குடிக்கிற மாட்டுக்குத் தண்ணீருக்கு எங்கே போவார்கள்? பால் ஊற்ற சொசைட்டிக்கு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டும். எட்டு மாதத்தில் பாதி மாடு போச்சம்பள்ளி சந்தையில் கை மாறிவிட்டது.

அடுத்த வருஷம் அந்தச் சபையிலிருந்து வயதான ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். நாங்கள் பக்கத்து ஊரில் மாடு இரவல் வாங்கி வரிசையாகக் கட்டிவைத்தோம். அந்த அம்மாள் ஒவ்வொரு மாட்டையும் தடவிக்கொடுத்தார், கண் கலங்கினார். காதில் வில்லை எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. அன்று சாயங்காலம் நான் உட்கார்ந்து 'பயனாளிகளின் வருமானம் உயர்ந்துள்ளது' என்று அறிக்கை டைப் செய்தேன்.

இதில் யாரும் பணம் தின்னவில்லை, தங்கச்சி. ஒரு பைசா குறையாமல் கணக்கு இருந்தது, வவுச்சர் எல்லாம் என் கையால் ஒட்டியது. நீங்கள் கேட்கிறீர்களே, காசு போய்ச் சேருகிறதா என்று, போய்ச் சேர்ந்தது. என்ன வேண்டும் என்று அந்த 40 பேரிடமும் யாரும் முதலில் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிறகு வந்த ஒரு சிஸ்டர் ஊர் மரத்தடியில் உட்கார்ந்து கேட்டபோது, ஆடு போதும், நாலு ஆடு என்றார்கள்.

இதே மாவட்டத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது ஒருபக்கமாகிவிடும். நீங்கள் மகளிர் குழுவில் இருக்கிறீர்களா? இல்லாவிட்டாலும் உங்கள் தெருவில் பத்துப் பேராவது இருப்பார்கள். தமிழ்நாட்டில் அது முளைத்த இடம் நம் தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான். ரோமில் இருக்கும் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் உதவ, தமிழக அரசு 1989-ல் தொடங்கியது. அது சர்ச் பணம் இல்லை, ஆனாலும் வெளிநாட்டுப் பணம்தான். தொண்டு நிறுவனத்து ஆட்கள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைச் சேர்த்து நோட்டு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அடித்தளம், அந்தப் பெண்கள் வாரா வாரம் போட்ட சொந்தச் சேமிப்பு. அதனால்தானோ என்னவோ, திட்டம் முடிந்து ஜீப் திரும்பிப் போன பிறகும் குழு நின்றது. எங்கள் மாடுகள் நிற்கவில்லை.

பள்ளியில் உங்களோடு வேலை பார்ப்பவர் சொல்வதை முழுப் பொய் என்று சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78-ல், கஞ்சிக்காகச் சர்ச் வாசலுக்குப் போனவர்கள் பலர் கிறிஸ்தவர்களானது நடந்த கதை. (கஞ்சி மட்டுமா காரணம், அவர்களை எந்தெந்த வாசலில் ஏற்றவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும், அது தனிக் கதை.) அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபை இந்தியாவில் முதன்முதலாக 1895-ல் வேலை தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில்தான். அவர்கள் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள், அதை மறைக்கவும் இல்லை. ஆனால் நிவாரணம் அதிலிருந்து பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய உதவி நிறுவனங்களும் சேர்ந்து 1994-ல் நடத்தை விதி ஒன்றை எழுதின: தேவையைப் பார்த்துத்தான் உதவி, மதம் பார்த்து இல்லை, எந்த மதக் கருத்தையும் வளர்க்க உதவியைப் பயன்படுத்தக்கூடாது. எழுத உட்கார்ந்தவர்களில் காரித்தாஸும் லுத்தரன் உலக சம்மேளனமும் உண்டு. எல்லா இடத்திலும் விதிப்படிதான் நடக்கிறது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் 40 பசுவில் கிறிஸ்தவ வீட்டுக்குப் போனது நாலோ ஐந்தோ, யாரையும் பூசைக்கு வா என்று கூப்பிட்டு நான் பார்க்கவில்லை.

வெளிநாட்டுக் காசு கணக்கில்லாமல் கொட்டுகிறது என்று அவர் சொன்னால் இதையும் சொல்லுங்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து விழ வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வாங்கியதை இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. அந்தக் கடைசி விதி சின்னச் சங்கங்களுக்குப் பெரிய அடி. மலைமேல் ஒரு சிஸ்டரும் இரண்டு பெண்களும் நடத்துகிற மாலைப் பள்ளி, தனக்கென்று டெல்லிக் கணக்குக்கு எங்கே போகும்?

அஞ்செட்டிக்குக் கொடுத்தால் என்ன என்கிறீர்கள். கொடுங்கள். ஆனால் ரோடு உண்டியல் காசில் போடுகிற காரியம் இல்லை. அது அரசாங்கம் போட வேண்டியது, அதற்கு மனு எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை போய் நிற்க வேண்டும். ஆசிரியை நீங்கள், மனு எழுத அங்கே உங்களைப்போல ஒருவர் கிடைத்தால் நூறு ரூபாயைவிடப் பெரிதாக நினைப்பார்கள். உண்டியல் பாட்டுக்கு உண்டியல் நிறையட்டும்.

அப்புறம் உங்கள் மகனுக்கு. தம்பி, உன் ரெண்டு ரூபாய் காசு ஆப்பிரிக்காவும் போகாது, டெல்லியும் போகாது. எண்ணி முடித்ததும் அதைப் பையில் கட்டி, சில்லறைக்கு அலைகிற மளிகைக் கடைக்காரரிடமோ கண்டக்டரிடமோ கொடுத்து நோட்டாக மாற்றிக்கொள்வார்கள், பாங்குக்குப் போவது அந்த நோட்டுதான். காசு மறுநாளே டவுன் பஸ்ஸில் மீதிச் சில்லறையாக உன் கைக்கே திரும்பி வந்தாலும் வரும்.