காற்றே படாத கடலில் நீரோட்டம் எப்படி?

திருகோணமலையில், பனி ஓட்டுக்கு அடியில் கடல் கொண்ட நிலவுகள் பற்றிப் பேசி முடித்ததும் வந்த கேள்விகளில் சில, என் பதில்களோடு.

நிலாவெளி மீன்பிடித் தொழிலாளி: சோளகமும் இல்லை, வாடையும் இல்லை. பனிக்கு அடியில் தண்ணீர் ஏன் ஓடவேண்டும்?

காற்று தள்ளுவது மேல்நீரைத்தான் அண்ணை. ஆழத்து நீரை அசைப்பது கனம். வியாழனின் ஈர்ப்பு அதன் நிலவான யூரோப்பாவை மூன்றரை நாளுக்கொரு சுற்றில் இழுத்துத் தளர்த்துவதால் உள்ளே வெப்பம் பிறக்கிறது. அடியில் சூடேறிய நீர் எழும்புகிறது. மேலே வேறு கதை. நீர் உறையும்போது உப்பைப் பனி வெளியே தள்ளிவிடும். அந்த உப்புநீர் கனத்துத் தாழும். பனி உருகும் இடத்திலோ நன்னீர் மேலேயே தங்கும். மாரியில் மகாவலி வெள்ளம் கொட்டியாரக் குடாவில் உப்புநீருக்கு மேலே படர்வதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

உயர்தர மாணவி: உப்பு குறைந்த கடலாக இருந்தால், சேர்?

நல்ல கேள்வி பிள்ளை, சிக்கலே அங்கேதான். நன்னீர் மிகக் கனமாக இருப்பது 4 பாகை செல்சியஸில். அதற்குக் கீழே, சூடாக்கினால் கனம் கூடும்! உப்பு சுமார் 2.5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குணம் போய்விடும். நம் கடலில் ஏறத்தாழ 3.5. சனியின் நிலவான என்செலடஸில் அந்த 2.5-ஐ விடவும் குறைவு என்பதே பெரும்பாலான மதிப்பீடு. அப்படியானால் பனிக்குக் கீழே குளிர்ந்த, இலேசான நீர் ஒரு மூடிபோல நிற்கலாம். அடியிலிருந்து வருவது அதைத் தாண்டுவது கடினம்.

கன்னியா போல வெந்நீர் ஊற்று அங்கே உண்டா?

இருப்பதற்கான தடயம் உண்டு. என்செலடஸிலிருந்து பீறிடும் நீராவியோடு வந்த நுண்ணிய சிலிக்காத் துகள்களைக் காசினி விண்கலம் கண்டது. அவை உருவாக 90 பாகைக்கு மேல் சூடான நீர் வேண்டும் என்று 2015-இல் ஆய்வாளர்கள் கணித்தார்கள். கன்னியாவில் குளிக்கலாம், அங்கே வெந்துபோவோம்.

மீன் இருக்குமா?

வலை பின்ன இப்போதைக்கு அவசரம் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இதையெல்லாம் யார் இறங்கிப் பார்த்தது?

ஒருவருமில்லை ஐயா. நீரோட்டங்கள் கணினி மாதிரிகளில்தான் ஓடுகின்றன. கடல் உண்டு என்பதற்கு மட்டும் அளவீடு உண்டு: யூரோப்பா அருகே கலிலியோ விண்கலம் பதிந்த காந்தப்புல மாற்றம், காசினி படங்களில் தெரிந்த என்செலடஸின் ஆட்டம். பனி ஓடு பாறையோடு ஒட்டியிருந்தால் அவ்வளவு ஆடாது. 2024 அக்டோபரில் புறப்பட்ட யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-இல் வியாழனை அடையும். அதன் ரேடார் பனிக்குள் ஊடுருவிப் பார்க்கும். பனி எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று தெரிந்தால், கீழே வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.