லேப் டெக்னீஷியன் படிப்பு: பெங்களூர் அல்சூர் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்த மகள் மெடிக்கல் லேப் படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறாள், "ஊசி குத்தி ரத்தம் எடுக்க ஒரு டிகிரியா?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். ரத்தம் எடுப்பது ஐந்து நிமிட வேலை. அதைக் கெடாமல் பரிசோதனைக்குத் தயார் செய்வதில்தான் படிப்பே இருக்கிறது.

ஊதா மூடி டியூபில் ஈ.டி.டி.ஏ. இருக்கும், ரத்தம் உறையாது. அணுக்களை எண்ணும் சி.பி.சி.க்கு அதுதான். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி. அதிலுள்ள ஃபுளோரைடு இல்லாமல் வைத்திருந்தால் ரத்த அணுக்களே குளுக்கோஸைத் தின்றுவிடும், ரிப்போர்ட்டில் சர்க்கரை குறைந்து தெரியும். வெளிர் நீல மூடியில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட், அதுவும் ரத்தத்தை உறையவிடாது. கோடு வரை நிரப்பாவிட்டால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் பி.டி. டெஸ்ட் தப்பாகிவிடும்.

சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், வேண்டுமென்றால் ரத்தத்தை அரை மணி நேரம் அப்படியே உறையவிட்டு, அப்புறம்தான் சென்ட்ரிஃபியூஜில் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் சீரத்தில் ஃபைப்ரின் என்ற உறைவுப் புரதம் நூல் நூலாக மிதந்து மெஷினின் ஊசியை அடைக்கும். டியூபைக் கண்டபடி குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும். அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்து, நல்ல உடம்புக்காரருக்கும் பொட்டாசியம் எகிறியதாக ரிப்போர்ட் போகும். டாக்டர் அதை நம்பி மருந்து கொடுத்தால்?

தவறிப்போய் ஊதா டியூபில் எடுத்த ரத்தத்தைச் சீரத்துக்கான சிவப்பு மூடி டியூபில் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். ஈ.டி.டி.ஏ.வும் கூடவே போகும். பொட்டாசியம் கூடும், கால்சியம் குறையும். அந்த இடத்தில் "இது வேண்டாம், மறுபடி எடுக்கணும்" என்று சொல்லி, "மறுபடி குத்துவீங்களா?" என்று சீறும் நோயாளியிடம் பேச்சு வாங்கிக்கொள்ளவும் வேண்டும். உங்கள் பெண்ணுக்கு அந்த நேர்மையும் பொறுமையும் உண்டா? மார்க்கைவிட நான் அதைத்தான் கேட்பேன். ரத்தத்தைப் பார்த்தால் வரும் தலைசுற்றல் பெரும்பாலும் பழகப் பழகப் போய்விடும்.

பெங்களூரில் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. படிக்கலாம், பாரா மெடிக்கல் போர்டின் டிப்ளமாவும் உண்டு. வசதி இருந்தால் டிகிரிக்கே போகட்டும். 2021-ல் இந்தத் துறைகளுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டதால், அங்கீகாரம் இல்லாத ஆறு மாத சர்டிஃபிகேட்டில் பணத்தைப் போடாதீர்கள். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், நைட் டியூட்டியும் வரும்; எதிர்வீட்டு ஐ.டி. பையனோடு ஒப்பிட்டால் நிம்மதி போய்விடும். வீட்டில் தமிழ் பேசினாலும் கன்னடம் சரளமாக வர வேண்டும், வார்டில் நோயாளியிடம் பெயர் கேட்டுச் சரிபார்த்து லேபிள் ஒட்டுவது அவள்தான். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு (போஸ்டிங்) போகும் முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடித்துவிடுங்கள். முழுதாக முடிக்க வழக்கமாக ஆறு மாதம் ஆகும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே லேபுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது, மாணவர்களைத் தொடவிடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அட்மிஷன் ஃபீஸ் கட்டாமல் திரும்பி வாருங்கள்.