ஒரு சிட்டிகை நீலம்

அன்புள்ள ஐயா,

பழைய வீடுகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி எழுதுவதால் இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கத் துணிந்தேன். சிரிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி வீடு எங்களுடையது. கட்டிப் பல ஆண்டுகள் ஆனது. நாங்கள் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. கல்லூரியில் படிக்கும் என் மகள், கைபேசியில் வெளிநாட்டு வீடுகளின் படங்களைப் பார்த்துவிட்டு, வசந்த காலத்துக்கு வீட்டைப் பேஸ்டல் என்கிற வெளிர்நிறங்களுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். புதினாப் பச்சை, பீச், லாவண்டர் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். சோதனையாக அவள் அறைக்கு மட்டும் லாவண்டர் அடித்தோம். பெயின்ட் கடையின் நிற அட்டையில் அவ்வளவு மென்மையாகத் தெரிந்த நிறம், நான்கு சுவரிலும் ஏறியதும் நாவல்பழத்தைப் பிழிந்து ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. காய்ந்தால் சரியாகிவிடும் என்றார் பெயின்டர். காய்ந்து ஒரு மாதம் ஆகிறது.

கூடத்துக்குப் பச்சை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் என்கிறார் மாமியார். அழுக்குப் பிடிக்கும் என்பது கணவரின் கவலை. எனக்கு வேறோர் உறுத்தல். பங்குனி வெயிலில் நின்றுகொண்டு வசந்த கால அலங்காரம் என்று பேசுவதே இரவல் ஆசை அல்லவா? பத்து லிட்டர் வாளியில் பாதி லாவண்டர் பால்கனியில் மிச்சம் கிடக்கிறது. அதையும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

ம.,
திருச்சி

அன்புள்ள ம.,

சிரித்தேன். மன்னியுங்கள், அந்த நாவல்பழத்துக்காகத்தான்.

உங்கள் உறுத்தலில் இருந்து தொடங்குகிறேன். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, மார்கழி கடைசியில் அப்பா ஒரு கூடை கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவருவார். கொல்லையில், பாதியாக வெட்டிய தகர டிரம்மில் அதைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு அடியில் ஒரு முனகல் கேட்கும். அப்புறம் சோற்று உலை மாதிரி குமுறத் தொடங்கும். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் காத்திருப்போம். கிட்டே போனால் அப்பாவின் கை ஓங்கும். இரவெல்லாம் ஆறவிட்டு, காலையில் பழைய வேட்டியில் வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சிச் சேர்ப்பார். கடைசியில் சலவை நீலத்தை ஒரு துணியில் முடிந்து வாளிக்குள் இறக்கி இரண்டு சுற்றுச் சுற்றி எடுப்பார். சுண்ணாம்பின் லேசான பழுப்பு தட்டாமல் வெள்ளை பளிச்சென்று தெரிவதற்கு அந்த நீலம். கை கொஞ்சம் தாராளமான வருடங்களில் கூடம் முழுவதும் இளநீலமாகிவிடும். சமையலறைக்கு அம்மா பச்சைப் பொடி போடச் சொல்வார். திண்ணைச் சுவருக்கு மஞ்சள் காவி.

நுனியை நசுக்கி நாராக்கிய மட்டையால் அடிப்பதுதான். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே ஏறாததுபோல், வெறும் ஈரமாகத்தான் தெரியும். பழைய கறையெல்லாம் உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். காசு வீண் என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டே தூங்கப் போவார். விடிந்து பார்த்தால் சுவர் வெளுத்து, கறை மறைந்து, வேறு வீடாக இருக்கும். சுண்ணாம்பின் குணம் அது: ஈரத்தில் கண்ணாடி, காய்ந்தால் வெள்ளை.

இளநீலக் கூடம், இளம்பச்சைச் சமையலறை, வெளிர்மஞ்சள் திண்ணை. உங்கள் மகள் கைபேசியில் காட்டும் பட்டியலுக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. நாங்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் அப்பாவுக்கு மென்மையான ரசனை இருந்தது என்று பெருமை பேச வரவில்லை. சுண்ணாம்பில் வேறு வழியே கிடையாது. அதன் வெண்மை, போடுகிற எந்த நிறத்தையும் வெளுத்துவிடும். அடர்த்தி வேண்டும் என்று பொடியை அள்ளிப் போட்டால் சுவரில் பிடிக்காது. பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே சட்டை முதுகில் வந்துவிடும். (தாண்டாவிட்டாலும் கொஞ்சம் வரும். அந்தக் காலத்துப் பையன்களின் முதுகைப் பார்த்தே யார் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று சொல்லிவிடலாம்.) எல்லாப் பொடியும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவதும் இல்லை. காவி, மஞ்சள் காவி, சலவை நீலம் போன்றவை தாங்கும். ஆகவே வெளிர்நிறம் என்பது நம் சுவர்களில் ஒரு பொருளின் இயல்பாக வந்தது.

மேற்கிலும் கதை ஏறக்குறைய இதேதான் என்பது வேடிக்கை. பேஸ்டல் என்ற சொல், மாவுபோல் பிசைந்த கலவையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. நிறப்பொடியோடு சாக்பீஸ் தூள் மாதிரியான வெள்ளைப் பொருளைப் பிசைந்து உருட்டிய குச்சிதான் பேஸ்டல். வெனிஸ் நகரத்து ஓவியர் ரோசால்பா காரியேரா 1720-ல் பாரிஸுக்குப் போய் அந்தக் குச்சிகளால் பிரபுக்களின் முகங்களை வரைந்தார். ஊரே அந்த வெளிர் ரோஜாவுக்கும் இளநீலத்துக்கும் மயங்கியது. அதே நூற்றாண்டில் அந்த நிறங்கள் பீங்கானுக்கும் அறைச் சுவருக்கும் பரவின. அங்கேயும் வெள்ளையில் ஒரு சிட்டிகைதான் நிறம். இரவலா என்று கேட்டீர்கள். கடைக்காரர் சூட்டிய பெயர் இரவல். நிறம் நம் வீட்டில் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் வசந்தம் என்பதில் உங்கள் சந்தேகம் நியாயமானது. குளிர்நாட்டில் நான்கைந்து மாதம் ஜன்னலைச் சாத்தி, நிலக்கரியையும் விறகையும் எரித்து, எண்ணெய் விளக்கேற்றி இருந்தவர்களுக்கு மார்ச்சில்தான் சுவரின் கரி கண்ணில் பட்டது. கதவைத் திறந்தார்கள், கழுவினார்கள், வெள்ளையடித்தார்கள். ஈரானியர்கள் தங்கள் வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முன் வீட்டையே உலுக்கிச் சுத்தம் செய்வதும் அந்தக் கணக்கில்தான். நமக்கு அடைமழை முடிவது மார்கழியில். சுவரில் பாசியும் ஈரமும் ஏறியிருக்கும். வெயில் இதமாக இருக்கும் அந்த நாட்களில் அடித்தால்தான் சுண்ணாம்பு மெதுவாக உலர்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும். சித்திரை வெயிலில் அடித்தால் இறுகுவதற்குள் காய்ந்து பொடியாக உதிரும். போகிக்கு முன் வெள்ளையடித்த நம் பெரியவர்கள் மழைக்காலக் கணக்குப் பார்த்தவர்கள்.

இரண்டு ஊர்களின் வெளிச்சமும் வேறு. அங்கே சூரியன் தாழ்வாக, மங்கலாக வரும். அதைப் பிடித்து அறைக்குள் பரப்ப வெளிர்ச்சுவர் உதவும். திருச்சியில் பகல் ஒரு மணிக்கு நேர்வெயில் விழும் சுவரில் எந்த வெளிர்நிறமும் நிற்காது, வெள்ளையாகத்தான் தெரியும். கோயில் மதிலில் பட்டை பட்டையாக அடித்த காவியும் வெள்ளையும்தான் அந்த வெயிலிலும் எடுப்பாகத் தெரியும். வீட்டுக்குள், நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் எட்டிப் பார்க்கும் அறைகள்தான் வெளிர்நிறத்துக்கு ஏற்றவை. பருவத்தைப் பார்க்காதீர்கள், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். மகளுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இந்த ஒன்றுதான்.

இனி நாவல்பழத்துக்கு வருவோம். பெயின்டரைத் திட்டாதீர்கள், காய்ந்தால் சரியாகிவிடும் என்று சொன்னதற்கு மட்டும் திட்டலாம். அட்டையில் இருக்கும் நிறம் தீப்பெட்டி அளவு, சுற்றிலும் வெள்ளைத் தாள். அறையிலோ நான்கு சுவரும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை வீசிக்கொள்ளும். லாவண்டரிலிருந்து கிளம்பிய வெளிச்சம் எதிரிலுள்ள லாவண்டரில் பட்டு இன்னும் ஊதாவாகத் திரும்பும். மூலைகளைப் பாருங்கள், அங்கேதான் நிறம் மிக அடர்ந்திருக்கும். ஆகவே அட்டையில் பிடித்ததைவிட இரண்டு படி வெளிறியதை எடுக்க வேண்டும். கடையில் பார்த்தால் இது வெறும் வெள்ளைதானே என்று தோன்றுகிற நிறம்தான் அநேகமாகச் சரியான நிறம். அதையும் முதலில் சின்ன டப்பா வாங்கி, எதிரெதிரான இரண்டு சுவர்களில் இரண்டடிக்கு இரண்டடி அடித்து, காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் பாருங்கள்.

இரவில் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் பெட்டிமேல் 6500 கெல்வின் என்று போட்ட நீலம் கலந்த வெள்ளை விளக்குதான் எரிகிறது (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு). அதன்கீழ் பீச் நிறம் உயிரில்லாமல் வெளிறிப்போகும். மாமியார் சொன்ன ஆஸ்பத்திரியும் பாதி அந்த விளக்கின் வேலைதான். மீதிப் பாதிக்கு ஒரு வரலாறு உண்டு. 1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூச்சம் தாங்காமல் தன் அறுவை அறைக்குப் பச்சை அடிக்கச் செய்தார். ரத்தச் சிவப்பையே உற்றுப் பார்த்த கண் நிமிர்ந்து வெள்ளையைப் பார்த்தால் பச்சைத் திட்டுகள் மிதக்கும். பச்சைச் சுவரில் அவை தெரியாது. அந்தப் பச்சை பிறகு எத்தனையோ மருத்துவமனைகளுக்குப் பரவியது. ஆகவே மாமியாரின் கண் பழுதில்லை. கூடத்துக்குப் பச்சையே வேண்டுமென்றால் மஞ்சள் சாய்ந்த பச்சையாக எடுத்து, விளக்கை மஞ்சள் கலந்த 3000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள். சுவரை மாற்றுவதைவிட விளக்கை மாற்றுவது மலிவு.

அழுக்கைப் பற்றிய கவலைக்குப் பழைய வீடுகளில் விடை இருந்தது. சுவரின் அடியில் மூன்றடிக்குக் காவியோ எண்ணெய்ப் பெயின்டோ அடித்துவிட்டு, அதற்குமேல் வெள்ளை. தரையில் உட்கார்ந்து சாய்கிற வீட்டில் தேங்காய் எண்ணெய்த் தலை எந்த உயரத்தில் படும் என்று தெரிந்து வைத்த அளவு அது. நீங்கள் சோபாக்காரர்களாக இருந்தால் அந்தக் கறை கொஞ்சம் மேலே வரும். ஸ்விட்ச் பலகையைச் சுற்றியும் கதவோரத்திலும் துடைக்கக்கூடிய வகைப் பெயின்டைக் கேட்டு வாங்குங்கள். மற்ற இடங்களில் மினுக்காதது போதும். மினுக்கம் சுவரின் மேடுபள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்பேன். அந்தப் படங்களில் வருவதுபோல் சுவர், திரை, மெத்தை, குஷன் உறை எல்லாவற்றையும் வெளிறடிப்பது. அடுக்குமாடிகளில் பெரும்பாலும் தரையும் பால் நிற டைல்ஸ்தான். எல்லாமே வெளிறினால் வீட்டுக்குக் காய்ச்சல் முகம் வந்துவிடும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் வெளிர்ச்சுவர் அழகாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அருகில் நிற்கும் கறுத்த தேக்குத்தூணும் கீழே இருக்கும் ஆத்தங்குடிப் பூவேலைத் தரை டைல்ஸும்தான். உங்களிடம் ஒரு பித்தளை அண்டாவோ, பாட்டி காலத்து மரப்பெட்டியோ, அடர்சிவப்பில் ஒரு ஜமுக்காளமோ நிச்சயம் இருக்கும். பரணிலிருந்து இறக்குங்கள்.

மகள் லாவண்டரைக் கைவிட வேண்டியதில்லை. இப்போது பங்குனி, தெருவில் புங்கமரம் இருந்தால் காலையில் அதன் அடியில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சங்கப் பாடல்கள் பொரிக்கு ஒப்பிட்ட பூ அது. தூரத்தில் வெள்ளையாகத்தான் தெரியும், பொரி என்று சொன்னதில் தவறில்லை. குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தால் இதழில் ஊதா ஒரு மூச்சு அளவுக்கு ஓடியிருக்கும். அவள் தேடும் லாவண்டர் அவ்வளவுதான் இருக்க வேண்டும். மேலே துளிர்த்திருக்கும் இலையின் பளபளப்பான இளம்பச்சையையும் பார்த்துவைக்கட்டும், கூடத்துக்கு உதவும்.

அந்த நிறம் உங்கள் பால்கனியிலேயே இருக்கிறது. அதே கம்பெனியின் அதே வகை எமல்ஷனில் வெள்ளை வாங்கி, நான்கு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு லாவண்டர் சேர்த்து, ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். இன்னும் அதிகம் என்று தோன்றினால் ஐந்து, ஆறு. அளவு பிடித்த பிறகு அறை முழுவதற்கும் வேண்டியதை ஒரே வாளியில், ஒரே தடவையாகக் கலக்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பா ஒரு வருடம் பாதிக் கூடத்தில் வாளி தீர்ந்துபோய் மறுபடி கலந்தார். இரண்டு நீலமும் சேரவில்லை. சுவர் நடுவில் விழுந்த அந்தக் கோட்டை மறைக்க அடுத்த பொங்கல் வரைக்கும் எங்கள் வீட்டில் ஐந்து காலண்டர் தொங்கின.