வலென்சியா சமையல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஸ்பெயினின் வலென்சியாவில் குடியேறிப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அக்கா, பயேயா சோற்றில் இறால் முதலிலா, கணவாய் முதலிலா?

இரண்டும் வேண்டாம். கடலோர ஊர்தான், ஆனால் பழைய வலென்சியா பயேயா வயல்காரர்களின் மதியச் சோறு. கோழி, முயல், தட்டையான பச்சை பீன்ஸ், தக்காளி, ஆலிவ் எண்ணெய், பாப்ரிகா என்ற காரம் குறைந்த மிளகாய்த் தூள், குங்குமப்பூ, அரிசி. கூடவே கர்ரஃபோ என்ற பெரிய வெள்ளைப் பயறு. நம் ஊரில் டபுள் பீன்ஸ் என்று விற்பதும் அந்த இனம்தான். சில வீடுகளில் நத்தையும் உண்டு. அது கிடைக்காத நாளில் ஒரு கொத்து ரோஸ்மேரி.

கறியை நிதானமாக, நன்றாகச் சிவக்கும்வரை வறுக்க வேண்டும். ருசியில் பாதி அங்கேதான். பிறகு காய், தக்காளி. பாப்ரிகா போட்ட கையோடு தண்ணீர் ஊற்றிவிடுங்கள், கருகினால் கசக்கும். அரைமணி கொதித்ததும் அரிசியைத் தூவி ஒரே ஒரு முறை சமப்படுத்துங்கள். அதோடு கரண்டியைக் கீழே வையுங்கள். முதல் பத்து நிமிஷம் தீ பெரிதாக, அடுத்த எட்டு நிமிஷம் சிறிதாக. கடைசியில் காதைக் கொடுங்கள்: கொதிக்கிற சத்தம் அடங்கி, எண்ணெயில் பொரிகிற சடசடப்பு கேட்கும். அடியில் காந்தல் பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு இங்கே சொக்கராத் என்று பெயர், அதற்குத்தான் வீட்டில் சண்டையே.

பாஸ்மதியில் செய்யலாமா?

கூடாது. அது உதிரி உதிரியாக நிற்கும், சாற்றைக் குடிக்காது. இங்கே போம்பா, சேனியா என்று குட்டை அரிசி வகைகள். போம்பா ஒரு பங்குக்கு மூன்று பங்கு சாற்றைக் குடித்தும் உடையாது.

சீரகச் சம்பா?

மணம் குங்குமப்பூவோடு மோதும். குட்டையான, தடித்த பச்சரிசி பாருங்கள். இட்லி அரிசி புழுங்கல், அது வேண்டாம்.

வெங்காயம் எப்போது போடணும்?

போடாதீர்கள். நீர் விட்டுச் சோற்றைக் குழைத்துவிடும், காந்தல் பிடிக்காது.

திண்டுக்கல் பிரியாணி வேறு, ஆம்பூர் பிரியாணி வேறு. நாம் சண்டையா போடுகிறோம்? வலென்சியாக்காரர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு அலட்டல்?

நாம் சண்டை போடுவதில்லையா! கொல்கத்தாக்காரர்கள் மாதிரி பிரியாணியில் உருளைக்கிழங்கு போடச் சொல்லி ஆம்பூரில் பேசிப் பாருங்கள், தம்பி.

2016இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் பயேயாவில் சொரிசோ சேர்த்தார். மசாலா ஏற்றிய பன்றித் தொத்திறைச்சி அது. ஸ்பெயினே கொதித்தது. 2021இல் வலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்தாகவே அறிவித்துவிட்டது. ஆனால் உள்ளே வந்து பாருங்கள்: காந்தியா பக்கம் இறைச்சி உருண்டை போடுகிறார்கள், கஸ்தெயோன் பக்கம் சிவப்புக் குடமிளகாய், குளிர்காலத்தில் ஆர்டிசோக். பக்கத்து ஊர் செய்வது தப்பு என்று ஒவ்வொரு ஊரும் சொல்லும். வெளியாள் கை வைத்தால் எல்லோரும் ஒரே கட்சி.

சொரிசோ போட்டது நன்றாகத்தானே இருக்கிறது?

ருசியாகவே இருக்கும். அதன் கொழுப்பும் மிளகாய் வாசமும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும், அவ்வளவுதான். அதற்கு இங்கே ‘அர்ரோஸ் கொன் கோசாஸ்’ என்று பெயர்: ஏதேதோ போட்ட சோறு. அந்தப் பெயரிலேயே செய்து சாப்பிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

அப்படியானால் கடல் உணவுப் பயேயா பொய்யா?

பொய்யென்று நான் எங்கே சொன்னேன்? அது தனி வகை. மீனவர்களின் அர்ரோஸ் ஆ பாந்தாவைச் செய்து பாருங்கள்: மீன் வேகவைத்த சாற்றில் சோறு, மீன் தனியாக. அரிசிக்குப் பதில் சேமியா மாதிரி நூடுல்ஸ் போட்டால் ஃபிதெயுவா, காந்தியா ஊர்ச் சரக்கு.

ஆல் இ பெப்ரே விலாங்கு மீன் குழம்பாமே, சாப்பிட்டிருக்கிறீர்களா?

அல்புஃபேரா ஏரிக்கரையில், எல் பல்மாரில். பூண்டு, பாப்ரிகா, விலாங்கு, உருளைக்கிழங்கு. ரொட்டியைத் தோய்த்துத் தட்டைத் துடைத்தேன். இப்போது சாப்பிடுவதில்லை. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் இருக்கிறது.

சைவத்தில் ஏதாவது?

காய்கறிப் பயேயா உண்டு. அதைவிட ஓர்ச்சாத்தா குடியுங்கள். அல்போராயா பக்கம் மணல் கலந்த மண்ணில் விளையும் சூஃபா கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை போட்டுக் குளிர வைப்பது. பால் துளியும் கிடையாது. சூஃபா நம் கோரைக்கிழங்குக்குப் பங்காளிதான்.

கஸ்பாச்சோ செய்முறை?

தக்காளிச் சூப்பைத்தானே கேட்கிறீர்கள்? அது அந்தலூசியா. அங்கே கேளுங்கள்.

பாஸ்மதியை ஊறவைத்துப் போட்டால்?

மேலே பார்க்கவும்.

குக்கரில் எத்தனை விசில்?

குக்கரே வேண்டாம்மா. அகலமான, ஆழமில்லாத சட்டிக்குத்தான் பயேயா என்று பெயர். சோற்றின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

நாலு பேருக்கு எவ்வளவு பெரிய சட்டி? என்னிடம் சாதாரண கேஸ் அடுப்புதான்.

40 செ.மீ. ஆளுக்கு 100 கிராம் அரிசி, விரல் தடிமனுக்கு மேல் நிற்கக்கூடாது. சின்ன பர்னரில் நடுப்பகுதி கருகி ஓரம் வேகாது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை சட்டியைக் கொஞ்சம் நகர்த்தித் திருப்புங்கள். சட்டியை மட்டும்தான், சோற்றைக் கிளறாதீர்கள்.