செம்மறிப் பட்டிக்கு எந்த டெஸ்ட் எடுப்பது, எதை விடுவது?

கிழக்கிலங்கையில் மாரி முடிந்த கையோடு ஆடு வளர்ப்பவர்களின் கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: எந்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை. ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என்னிடம் 60 செம்மறி நிற்கிறது. தனியார் பரிசோதனை நிலையம் ஒன்றிலிருந்து வந்தவர், எல்லா ஆட்டிலும் ரத்தம் எடுத்து ஐந்து நோய்க்குப் பார்த்துத் தருகிறோம், முழுப் பெக்கேஜாக எடுத்தால் தலைக்கு விலை குறையும் என்கிறார். ஒரேயடியாகப் பார்த்துவிட்டால் நிம்மதிதானே? *(வவுணதீவு)*

பதில்: நிம்மதி வராது. குழப்பம்தான் வரும், அதுவும் காசு கொடுத்து.

கணக்கைப் பாருங்கள். உங்கள் 60 ஆட்டில் ஒன்றுக்குத்தான் அந்த நோய் இருக்கிறது என்று வைப்போம். டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். நோயில்லாத 100 ஆட்டில் 95ஐ ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லிவிடும். மிச்சம் ஐந்தில் பிழைக்கும். உங்கள் பட்டியில் சுகமாக நிற்கும் ஆடு 59. அதில் ஏறக்குறைய மூன்று ‘நோய் இருக்கிறது’ என்று வந்துவிடும். உண்மையான நோயாளியையும் சேர்த்தால் நாலு. அந்த நாலில் எது எது என்று உங்களுக்கும் தெரியாது, டெஸ்ட் எடுத்தவருக்கும் தெரியாது. ஐந்து நோய்க்கு இப்படிப் பார்த்தால் பத்துப் பதினைந்து நல்ல ஆடுகள் வீணாகச் சந்தேகத்தில் நிற்கும். பிறகு உறுதிப்படுத்தவென்று இரண்டாவது டெஸ்ட், அதற்குத் தனி பில்.

டெஸ்ட்டில் பிழையில்லை. நோய்க்குறி எதுவும் இல்லாத பட்டியில் வலை வீசித் தேடுவதுதான் பிழை. அதனால் எந்த டெஸ்ட்டுக்கும் முதல் உங்களை நீங்களே கேளுங்கள்: ‘ஆம்’ என்று வந்தால் என்ன செய்வேன், ‘இல்லை’ என்று வந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம்.

பட்டிக்குள் ஒரு நோய் இருக்கிறதா என்று மட்டும் அறிய வேண்டுமானால் 60க்கும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு ஆட்டுக்காவது அது பரவியிருந்தால், குருட்டுவாக்கில் பிடித்த 23 ஆட்டில் பார்த்தாலே நூற்றுக்கு 95 வாய்ப்பில் ஒன்றாவது அகப்பட்டுவிடும். மெலிந்தவை, குட்டி வீசியவை (கருச் சிதைந்தவை), வயது போன மறிகள் (பெண் ஆடுகள்) என்று பார்த்துப் பிடித்தால் இன்னும் நல்லது. பெக்கேஜ் விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்றுதானே வருமானம்.

காசு செலவழிக்கும் வரிசை என்று என்னைக் கேட்டால், முதலில் பிழுக்கைப் பரிசோதனை, இரண்டாவது செத்த ஆட்டை அறுத்துப் பார்ப்பது, மூன்றாவதுதான் ரத்தம்.

கேள்வி: இரண்டு தரம் பூச்சி மருந்து பருக்கிவிட்டேன். ஆடுகள் மெலிந்துகொண்டே போகின்றன. இரண்டு மறிகளுக்குக் கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்குகிறது. கடையில் புதுசாக ஒரு மருந்து வந்திருக்கிறதாம், விலை கூட. வாங்கவா? *(கிரான்)*

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு. அதற்கு முதல் பிழுக்கைப் பரிசோதனை. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

தாடை வீக்கத்துக்கு நம் பக்கத்தில் முதல் சந்தேகம் இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸ் புழு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும், அதனால் பிழுக்கையில் முட்டை எண்ணுவது இதற்கு வாய்ப்பான டெஸ்ட். ஆனால் ஒரு ஓட்டை உண்டு. புழு உள்ளே போய் முட்டையிடத் தொடங்க மூன்று கிழமை மட்டில் ஆகும். ஒரேயடியாக நிறையப் புழு ஏறிய குட்டி, முட்டை தெரிவதற்கு முன்னமே வெளுத்துப்போய்ச் சாகலாம். ஆகவே எண்ணிக்கை குறைவு என்று வந்தாலும் கண்ணைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? வெயில் வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, மேல் இமையைப் பெருவிரலால் மெல்ல உள்ளே அமத்தி, மற்ற விரலால் கீழ் இமையைச் சற்றே கீழே இறக்கினால் உள் தோல் பிதுங்கி வரும். நல்ல சிவப்பா, இளஞ்சிவப்பா, வெள்ளைத் துணி மாதிரியா என்று ஒரு நொடியில் தெரியும். இமையைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டிருந்தால் அந்த இழுவையிலேயே நிறம் மாறிவிடும். தென்னாபிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இதற்குத்தான்: நல்ல சிவப்பு 1 முதல் வெளுப்பு 5 வரை நிறம். 1, 2க்கு மருந்து வேண்டாம். 4, 5க்கு உடனே. 3 என்றால் குட்டி, சினை, மெலிவு பார்த்து முடிவெடுக்கலாம். போனில் படம் பிடித்ததையும் போட்டோகொப்பியையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். நிறம் பிசகினால் அட்டைக்கு வேலையே இல்லை. கண்ணோய் வந்த ஆட்டில் இது பலிக்காது, ரத்தம் குடிக்காத புழுக்களையும் காட்டாது.

பிழுக்கை நிலத்தில் கிடந்ததைப் பொறுக்க வேண்டாம். கையுறை போட்டு நேரே மலவாயிலிலிருந்து நாலைந்து உருண்டை எடுத்து, காற்றை அமத்தி வெளியேற்றி முடிச்சுப் போட்ட சிறு பையில், ஆட்டின் அடையாளத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். மட்டக்களப்பு வெயிலில் அரை நாள் கிடந்தால் முட்டை பொரிக்கத் தொடங்கிவிடும், எண்ணிக்கை பொய்யாகும். ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயம். உங்கள் ஆடுகள் வயல் வரம்பில் எருமைகளோடு மேய்கின்றன என்றால் ஈரல் தட்டைப்புழுவையும் நினைக்க வேண்டும். அதுவும் தாடையை வீங்கச் செய்யும். வழக்கமான முட்டை எண்ணும் முறையில் உப்புக் கரைசலில் முட்டைகள் மிதந்து மேலே வரும். தட்டைப்புழு முட்டை பாரம், அடியில் போய்விடும். அதற்குப் படிய வைத்துப் பார்க்கும் முறை வேறு. ‘புழு இல்லை’ என்ற அறிக்கையைக் கையில் வாங்கும்போது, எந்த முறையில் பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டையும் செய்யச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

மருந்து பலிக்கவில்லையா, அளவு பிழைத்ததா? அதற்கும் இதே டெஸ்ட்தான். மருந்து கொடுக்கும் அன்று பத்து ஆட்டின் பிழுக்கை, 14 நாள் கழித்து அதே ஆடுகளின் பிழுக்கை. முதலில் சராசரி 1,200 முட்டை, பிறகு 40 என்றால் மருந்து வேலை செய்கிறது. 600 என்றால் பாதிதான் குறைந்திருக்கிறது. புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. முட்டைக் குறைவு 95 வீதத்தை எட்டாவிட்டாலே சந்தேகப்பட வேண்டும். அதற்கு முன் ஆட்டை நிறுத்துப் பாருங்கள். கண்மட்டத்தில் நிறை சொல்லிக் குறைவாகப் பருக்குவதுதான் இங்கே வழக்கமான பிழை. வெள்ளாடும் கலந்து நின்றால், செம்மறிக்கு எழுதிய அளவு வெள்ளாட்டுக்குப் பெரும்பாலும் போதாது. டொக்டரிடம் தனியாகக் கேளுங்கள். அல்பெண்டசோல் என்றால் சினைப்பட்ட முதல் மாதத்து மறிகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வெளி மாவட்டத்திலிருந்து ஒரு கிடாய் வாங்கப் போகிறேன். புரூசெல்லா (குட்டி வீசச் செய்யும் தொற்று) இல்லை என்று டெஸ்ட் ரிப்போர்ட் காட்டுகிறார்கள், ஒன்லைனில் வாங்கிய கிட்டில் பார்த்ததாம். போதுமா? லொறியில் ஏற்ற டொக்டர் கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. *(சம்மாந்துறை)*

பதில்: சான்றிதழை முதலில் தள்ளி வையுங்கள். டொக்டர் பார்த்த நேரத்தில் ஆட்டுக்கு வெளிப்படையான நோய் இல்லை என்பதே அதன் பொருள். ரத்தப் பரிசோதனை அல்ல.

கிட் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். செம்மறிக்கென்று எழுதியிருக்கிறதா, மாட்டுக்கா? மாட்டுக்குச் செய்த பட்டை ஆட்டு ரத்தத்தில் கோடு காட்டாமலே போகலாம், அதை ‘இல்லை’ என்று வாசித்துவிடுவார்கள். காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், எத்தனை பாகையில் வைக்க வேண்டும் என்பவை பெட்டியில் இல்லாவிட்டால் பேச்சை அதோடு நிறுத்துங்கள். பாலில் பார்க்கும் வளைய டெஸ்ட் என்று யாராவது சொன்னால், அது மாட்டுப் பாலுக்கு உரியது.

புரூசெல்லாவுக்கு ரத்தத்தில் பார்க்கும் ரோஸ் பெங்கால் டெஸ்ட் விலை குறைந்தது, சில நிமிடத்தில் முடியும், நல்ல முதல் சல்லடை. அதில் ‘இருக்கிறது’ என்று வந்ததை எலைசா போன்ற இரண்டாவது ஆய்வுகூட முறையில் உறுதிப்படுத்த வேண்டும். புரூசெல்லா தடுப்பூசி போட்ட ஆட்டில் பொய்யாக ‘இருக்கிறது’ என்று வரலாம். புதிதாகத் தொற்றிய ஆட்டில் ‘இல்லை’ என்றும் வரும். கிடாய் என்பதால் இன்னொன்று: செம்மறிக் கிடாயின் விதைப்பையைத் தாக்கும் புரூசெல்லா ஓவிஸ் என்ற வகை ரோஸ் பெங்காலில் தெரியவே தெரியாது. அதற்கு வேறு எலைசா. டொக்டர் விதையைத் தடவிப் பார்த்தால் சிலது பிடிபடும், எல்லாம் பிடிபடாது.

கொண்டுவந்ததும் 30 நாள் தனிக் கொட்டில். முதல் நாளே பிழுக்கை பாருங்கள், மாத முடிவில் ரத்தம் மறுபடி. விலை பேசும்போதே, இரண்டாவது ரத்தத்தில் நோய் என்று வந்தால் கிடாயைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உழ்ஹிய்யாக் காலம் (ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான்) நெருங்கினால் விற்பவர் இதற்கு இணங்க மாட்டார். வளர்ப்புக் கிடாயை அந்த நேரத்தில் வாங்காமல் இருப்பதே மேல்.

கேள்வி: நாலு ஆட்டுக்குத் தோளுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் கட்டி. பக்கத்து வீட்டுத் தம்பி பிளேட்டால் கீறிச் சீழ் எடுத்துவிடலாம் என்கிறான். டெஸ்ட் எல்லாம் தேவையா? *(வெல்லாவெளி)*

பதில்: மற்ற எல்லாருக்கும் யோசித்துச் செய்யுங்கள் என்றேன். உங்களுக்கு மட்டும் கட்டாயம் செய்யுங்கள் என்கிறேன். தம்பியைப் பிளேட்டோடு திருப்பி அனுப்புங்கள்.

பெரும்பாலும் இது நிணநீர்க் கணுவில் வரும் சீழ்க்கட்டிதான்: பச்சை கலந்த வெள்ளையில் கெட்டியான சீழ், வெங்காயம் போல அடுக்கடுக்காக. கொட்டிலில் சிந்தினால் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து மற்ற ஆட்டுக்கு ஏறும். ஆனால் இதே கட்டி மெலியோய்டோசிஸாகவும் இருக்கலாம். வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. மட்டக்களப்பிலும் மனிதரிடம் காணப்பட்ட நோய். ஆட்டுக்கும் வரும். சீனி வருத்தம் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும், சில வேளை ஆளையே கொல்லும்.

பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உடையாத கட்டியிலிருந்து டொக்டர் ஊசியால் சீழ் இழுத்து கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். படிவத்தில் ‘மெலியோய்டோசிஸ் சந்தேகம்’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் ஆய்வுகூடத்தில் சாதாரண அழுக்குக் கிருமி என்று ஒதுக்கிவிடலாம், வேலை செய்பவர்களுக்கும் ஆபத்து. அலுவலகம் தேவையானால் கன்னொறுவை கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பும். விடை வரும் வரை அந்த நாலையும் பிரித்துக் கட்டுங்கள், கையுறை போடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் விடாமல் அடித்தால் ஆட்டுக் கட்டியைப் பற்றி ஆஸ்பத்திரியில் முதல் பேச்சிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: ஆடு திடீரென்று பின்னங்காலை இழுக்கிறது. சாப்பாடு நன்றாகச் சாப்பிடுகிறது. ரத்தத்தில் பூச்சி பார்க்கலாமா? *(திருக்கோவில்)*

பதில்: வீண் செலவு. மாட்டின் வயிற்றறையில் வாழும் செட்டாரியா புழுவின் குஞ்சு நுளம்பு வழியாக ஆட்டுக்குள் வந்து வழி தவறி முள்ளந்தண்டு வடத்துக்குப் போவதால் இப்படி ஆகலாம். ஆட்டில் அது முழுப் புழுவாகி ரத்தத்தில் குஞ்சு விடுவதில்லை, அதனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. டொக்டரை இன்றே கூப்பிடுங்கள். முதல் நாட்களில் ஊசி போட்டால் சிலது எழும்பும், பிந்தினால் கஷ்டம்.

கேள்வி: மூன்று மறிகள் அடுத்தடுத்துக் குட்டி வீசிவிட்டன. ரத்தம் எடுத்தால் காரணம் தெரியுமா? *(வாகரை)*

பதில்: ரத்தம் மட்டும் எடுத்தால் பெரும்பாலும் தெரியாது. நஞ்சுக்கொடியும் வீசிய குட்டியும்தான் பேசும். கையுறையோடு இரட்டைப் பையில் போட்டு, ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் அன்றே அலுவலகத்துக்கு. நாய்க்குப் போடாதீர்கள், கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக் கூடாது. ரத்தம் எடுப்பதானால் இன்றும் இரண்டு மூன்று கிழமை கழித்தும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் பொருள்.

செத்த ஆட்டுக்கும் இதே அவசரம். இரவில் செத்ததை மறுநாள் மாலை கொண்டுபோனால் அழுகலைத் தவிர எதுவும் மிஞ்சாது. மூக்கு, மலவாயில் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வந்து திடீரென்று செத்திருந்தால் மட்டும் அறுக்கவோ இடம் மாற்றவோ வேண்டாம், அடைப்பானாக (அந்த்ராக்ஸ்) இருக்கலாம். அலுவலகத்துக்குப் போன் போடுங்கள், அவர்கள் வரட்டும்.

கேள்வி: தனியார் நிலையம் ஒன்றுக்குக் காசு கட்டி ரத்தம் கொடுத்தேன். மாதிரி பழுதாகிவிட்டது, மறுபடி எடுங்கள், மறுபடி கட்டுங்கள் என்கிறார்கள். நியாயமா? *(அக்கரைப்பற்று)*

பதில்: எடுத்தது யார், கொண்டுபோனது யார் என்பதைப் பொறுத்தது. அவர்கள் ஆள் வந்து எடுத்து அவர்களே கொண்டுபோயிருந்தால், மறுபடி செய்வது அவர்கள் செலவு. நீங்கள் எடுத்து பஸ்ஸில் பார்சல் போட்டிருந்தால் வாதாடுவது கஷ்டம்: முழு ரத்தத்தை உறைய வைத்தாலோ, வெயிலில் குலுங்கிப் போனாலோ சிவப்பணு உடைந்து நீர் சிவந்துவிடும், அந்தப் பழுது உங்கள் பக்கம். நோய் எதிர்ப்புக் கூறு பார்க்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில்லாத சிவப்பு மூடிக் குழாய். ரத்த எண்ணிக்கைக்கு ஊதா மூடி. தவறான குழாயை அவர்களே தந்திருந்தால் அது அவர்கள் பிழை.

பில்லில் டெஸ்ட்டின் பெயர், முறை, மாதிரி எண்ணிக்கை, பெற்ற திகதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள். தீராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். முதலில் 1977க்கு அழைத்துக் கேளுங்கள். பில்லைத் தொலைத்துவிட வேண்டாம்.