ஷெட்டில் நின்ற கார், டேங்க்கில் நின்ற பெட்ரோல்

ஆயுத பூஜைக்கு இன்னும் மூன்று வாரம்தான். தார்ப்பாயை விலக்கி அப்பா காரையும் தாத்தா காரையும் வெளியே எடுக்கும் நேரம் என்பதால், இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி பெட்ரோல் லைன் பற்றியவை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: டேங்க்கைப் பார்க்காமல், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். கீழேயும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் 1986 பத்மினி எட்டு வருடமாக ஓடவில்லை. அரை டேங்க் பெட்ரோல் அப்படியே இருக்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? (திருநகர் வாசகி)

வேண்டாம் அம்மா. பேட்டரி இப்போதைக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். எட்டு வருடத்துப் பெட்ரோலில் சட்டென்று பற்றக்கூடிய லேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும். மிஞ்சியிருப்பது பிசின். செல்ஃப் அடித்தால் அந்தப் பிசினும் துருவும் பம்ப், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு, அளந்து விடும் சின்னத் துளையான ஜெட் என்று வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அரை டேங்க்காக நின்றது இன்னும் மோசம். மேலே காலியாக இருந்த இடத்தில் ஐப்பசி, கார்த்திகை ராத்திரிகளில் ஈரம் படிந்து படிந்து தகட்டைத் தின்றிருக்கும்.

பெட்ரோலை வடியுங்கள். வாயால் உறிஞ்சி எடுக்க யாரையும் விடாதீர்கள். முதலில் வருவதில் ஒரு லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். டிக்காஷன் நிறமும் வார்னிஷ் வாடையும் இருந்தால் பிசின். அடியில் கோடு கிழித்த மாதிரி தனி அடுக்கு நின்றால் தண்ணீர். மிளகாய்த்தூள் போலப் படிந்திருந்தால் துரு. உங்கள் பாட்டிலில் மூன்றுமே இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

டேங்க்கைக் கழற்றி, பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் யூனிட்டை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் பெட்ரோல் வாடை போகும்வரை அலசுங்கள். பிறகு ஒரு பழைய பைக் செயினை உள்ளே போட்டு, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்த சுடுதண்ணீரை நிரப்புங்கள். பத்து லிட்டருக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ போதும். அவ்வப்போது புரட்டிக்கொண்டே ஒரு நாள் வைத்து, வடித்து, சமையல் சோடாத் தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, உடனே 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊற்றுவது) கொஞ்சம் ஊற்றிச் சுழற்றுங்கள். காலையில் அலசி "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் சாயங்காலத்துக்குள் மறுபடி செம்பழுப்பு ஏறிவிடும். அதற்கப்புறம்தான் ட்யூப், பம்ப், கார்புரேட்டர், கடைசியாகப் பேட்டரி.

அம்பாசடர் பெட்ரோல் வண்டி. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிடுவேன். ஆயில் ஊற்றவே இல்லை, ஆனால் டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறியிருக்கிறது. நல்லதுதானே? (மேலூர்)

நல்லதில்லை. இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோங்கள், பெட்ரோல் வாடை அடிக்கும். பம்ப்புக்குள் இருக்கும் சவ்வான டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் இறங்கும். நீடில் வால்வு மூடாமல் ஓவர்ஃப்ளோ ஆனாலும் சிலிண்டர் வழியாக அங்கேதான் போகும். தண்ணீராக இளகிய ஆயிலில் ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆயிலை முழுக்க வடித்து, டயாப்ரம் கிட் மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகு தொடுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பதை விடுங்கள். ஒத்தக்கடை வரையாவது ஒரு நடை போய் வாருங்கள்.

பழைய கார். ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

என்ன கார், எந்த வருடம், எத்தனை நாள் நின்றது, பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருகிறதா? இந்த ஐந்தில் ஒன்றுகூட இல்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன எழுதித் தருவார்? மறுபடி எழுதுங்கள்.

தாத்தாவின் அம்பாசடர் 12 வருடம் நின்றது. டேங்க் முழுக்கத் துரு, மாற்று டேங்க் கிடைக்காது என்கிறார் மெக்கானிக். பானெட்டுக்குள் 5 லிட்டர் கேன் கட்டி, அதிலிருந்து ட்யூப் கொடுத்தால் அடுத்த வாரம் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு ஓட்டலாமாம். செய்யலாமா அண்ணே? (உசிலம்பட்டி)

தம்பி, செய்யக் கூடாது. மெக்கானிக் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் செய்யக் கூடாது.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நத்தம் ரோட்டில் எனக்கு முன்னால் ஓர் அம்பாசடர் போய்க்கொண்டிருந்தது. குலதெய்வக் கோயிலுக்குப் போகிற குடும்பம், பின்சீட்டில் இரண்டு குழந்தைகள். பானெட் ஓரத்தில் முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் பெயின்ட் கொப்பளித்தது. ஹாரன் அடித்து, குறுக்கே போய் நிறுத்தி, எல்லோரையும் இழுத்து வெளியே விட்டோம். பத்து நிமிடத்தில் கூடு மட்டும்தான் நின்றது. உள்ளே கேன் கட்டியிருந்த கம்பி மட்டும் என்ஜின் புகை சூடாக வெளியேறும் மானிஃபோல்டு பக்கத்தில் வளைந்து தொங்கியது. அந்தக் கம்பி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காரணம் எளிது. அம்பாசடர் என்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டும் ஒரே பக்கம். கேனும் ட்யூபும் அந்தச் சூட்டுக்கு மேலேதான் வரும். கம்பெனி கொடுத்த பம்ப் என்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். கேன் நிற்காது, சாவியை எடுத்த பிறகும் பெட்ரோல் இறங்கிக்கொண்டே இருக்கும். 12 வருடம் நின்ற நீடில் வால்வில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் போதும், கார்புரேட்டர் நிரம்பி வழிந்து நேரே மானிஃபோல்டு மேல் சொட்டும். டேங்க்கில் இருக்கும் காற்றோட்ட மூடி, தகடு, தூரம் எல்லாம் யாரோ யோசித்துத்தான் வைத்தார்கள். அதையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கேனுக்கு விற்கிறோம்.

டேங்க் கிடைக்காது என்பதும் சரியில்லை. அம்பாசடர் 2014 வரை வந்த வண்டி, தேடினால் கிடைக்கும். ஓட்டை சின்னதென்றால் நல்ல டிங்கர் ஈயம் வைத்து அடைத்துத் தருவார். அவரிடமும் சொல்லுங்கள்: வெறும் டேங்க்கில் கேஸ் வெல்டிங் வைக்கவே கூடாது. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே இருப்பது ஆவி. மாப்பிள்ளை அழைப்பை வாடகைக் காரில் நடத்துங்கள். தங்கை வளைகாப்புக்குத் தாத்தா கார் வரட்டும்.

மெயின் ஜெட் அடைப்பைக் குண்டூசியால் எடுத்தேன். இப்போது கரும்புகை. (அனுப்பானடி)

ஜெட் பித்தளை, குண்டூசி இரும்பு. துளை பெரிதாகிவிட்டது. தலையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் புதிது போடுங்கள். இனிமேல் க்ளீனரில் ஊறவைத்து, காற்றடித்து மட்டும் எடுங்கள். அடைப்பு எங்கிருந்து வந்தது? டேங்க்கிலிருந்து. மறுபடி வரும்.

1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இப்போதைய பெட்ரோல் பழைய கார்களுக்கு ஆகாது என்கிறார்களே, ஓட்டுவதையே நிறுத்திவிடவா? (டி.வி.எஸ். நகர்)

நிறுத்த வேண்டாம், நம் சென்னையில் செய்த வண்டி, ஓடட்டும். 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்து, இன்று அநேகமாக எங்கும் அதுதான். எத்தனாலின் குணம் இரண்டு. ஈரத்தை இழுக்கும், அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க் அடியில் பிரிந்து நிற்கும். இரண்டாவது, பழைய ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுப்பாக்கும். ட்யூபை விரலால் அழுத்திப் பாருங்கள், கையில் கறுப்பு ஒட்டினால் அது போய்விட்டது. எல்லா ட்யூபையும் விட்டான் ரப்பருக்கு மாற்றுங்கள், பம்ப் டயாப்ரமும் எத்தனால் தாங்குவதாக வாங்குங்கள். மிக்சர் கொஞ்சம் லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும், டியூனிங்கில் சரிசெய்துகொள்ளலாம். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டமாட்டீர்கள் என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் பௌலையும் வடித்துவிடுங்கள். டேங்க்குக்குள் கோட்டிங் ஊற்றச் சொல்வார்கள். துரு போகாத தகட்டின் மேல் ஊற்றினால் அப்பளம் மாதிரி உரிந்து வந்து லைனை அடைக்கும்.

சோழவந்தான் போகும் வழியில் சில கிலோமீட்டர் தாண்டியதும் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கால் மணி கழித்து ஓடுகிறது. (வாடிப்பட்டி)

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அந்தத் துளையைச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். சத்தம் வரவில்லை என்றால் வேப்பர் லாக் (சூட்டில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைப்பது) அல்லது பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். பழைய டாக்சிக்காரர்கள் சித்திரை வெயிலில் பம்ப் மேல் ஈரத் துணி சுற்றுவார்கள். அதைச் செய்ததும் ஓடினால் வேப்பர் லாக்தான், பெட்ரோல் லைனை எக்ஸாஸ்ட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

டீசல் அம்பாசடர், ஆறு வருடம் நின்றது. ஃபில்டர் மாற்றினேன், ஸ்டார்ட் ஆகவில்லை. (திருமங்கலம்)

ஏர் எடுத்தீர்களா, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினீர்களா? முதலில் ஃபில்டர், பிறகு பம்ப், கடைசியில் டீசலைப் பீய்ச்சும் நாசிலின் நட் என்று வரிசையாக லூஸ் செய்யுங்கள். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை. டேங்க் அடியில் கறுப்பாகச் சளி மாதிரி இருந்தால் அதை எடுக்காமல் பம்ப்பைச் சர்வீஸுக்குக் கொடுக்காதீர்கள், காசு வீண்.

டேங்க் நிறைந்திருந்தாலும் கேஜ் காலி என்றே காட்டுகிறது. (செல்லூர்)

டேங்க்குக்குள் மிதக்கும் ஃப்ளோட்டைக் கழற்றிக் காதோரம் ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறிவிட்டது, புதிது போடுங்கள். சத்தம் இல்லை என்றால் எர்த் வயரைப் பாருங்கள். மூடும்போது பழைய பேக்கிங்கையே திரும்பப் போடாதீர்கள், டிக்கி முழுக்க வாடை அடிக்கும்.