ஊதிப்போன கேட்டலிஸ்ட் கேன்: காற்றைத் திறந்துவிடலாமா?

கேள்வி: நாகை அக்கரைப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து ஃபைபர் படகு ரிப்பேர் ஷெட் வைத்திருக்கிறோம். தகரக் கூரை. உள்ளே ரெசினை (ஃபைபரை ஒட்டும் பசைத் திரவம்) இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், 5 லிட்டர் கேன் மூன்று இருக்கிறது. அதில் ஒன்று போன வாரத்திலிருந்து ஊதி, அடிப்பாகம் உருண்டு நிற்கிறது. கொடுத்த டீலரைக் கேட்டால், "மூடியை லேசாகத் திருகிக் காற்றை விடு, ஒன்றும் ஆகாது. பயமாக இருந்தால் ஆற்றில் ஊற்று" என்கிறார். பக்கத்து ரேக்கில், ரெசின் சீக்கிரம் இறுகக் கலக்கும் கோபால்ட் இருக்கிறது. ஷெட்டை ஒட்டி வீடுகளும் உண்டு. இன்னொருவர், 15,000 ரூபாய் கொடுத்தால் "கெமிக்கல் லைசென்ஸ்" எடுத்துத் தருகிறேன், அப்புறம் பிரச்சினையே வராது என்கிறார். என்ன செய்வது?

பதில்: திறக்காதீர்கள் தம்பி. கேனைத் தொடவும் வேண்டாம், வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றுகிறேன் என்று தூக்கவும் வேண்டாம். ஷெட்டில் வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். மீதியை வெளியே நின்று படிக்கலாம்.

எவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். குறைந்தது 50 மீட்டர். உங்கள் கணக்கில் சொன்னால், முப்பது அடி படகு ஆறை வரிசையாக நிறுத்திய நீளம். இது நானாகச் சொல்லும் தூரம் இல்லை. அமெரிக்கா, கனடா அவசரக் குழுக்கள் வண்டியில் வைத்திருக்கும் கையேட்டில், உங்கள் கேட்டலிஸ்ட் மாதிரியான ஆர்கானிக் பெராக்சைடு திரவங்களுக்கு 145-ஆவது வழிகாட்டி. தானே தன்னோடு வினைபுரிந்து சிதையும் திரவங்களுக்கு 149-ஆவது. இரண்டிலும் அதே 50 மீட்டர்தான். நிறையக் கொட்டிவிட்டால் காற்று போகும் திசையில் 250 மீட்டர், லாரியோ டேங்கரோ தீப்பிடித்தால் 800 மீட்டர். காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான் (மேல்காற்று) என்றால் புகை கடலுக்குப் போகும், கொண்டல் (கீழ்க்காற்று) என்றால் ஊருக்குள் வரும். கொண்டல் அடிக்கும் நேரமாக இருந்தால் மேற்குப் பக்கத்து வீடுகளை முதலில் காலி செய்யச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் 101 அல்லது 112. பேசும்போது "கெமிக்கல் கேன் ஊதிப்போச்சு" என்று மட்டும் சொன்னால் போதாது. "ஆர்கானிக் பெராக்சைடு, 5 லிட்டர் கேன் மூன்று, ஒன்று ஊதியிருக்கிறது, பக்கத்தில் கோபால்ட் இருக்கிறது, தகர ஷெட், ஒட்டினாற்போல் வீடுகள்" என்று சொல்லுங்கள். வாங்கின பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ நான்கு இலக்க யு.என். எண் (அபாயப் பொருளுக்கான உலக அடையாள எண்) இருந்தால் அதையும் சொல்லுங்கள். அதைப் பார்க்க உள்ளே போகாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். கேனிலிருந்து புகை, சீறும் சத்தம், மூக்கைத் துளைக்கும் நெடி ஏதாவது வந்தால் 50 மீட்டர் போதாது, இன்னும் தள்ளிப் போய்விடுங்கள். வருகிற வீரர்கள் தூரத்திலிருந்தே தண்ணீரைக் கொட்டிக் குளிர வைப்பார்கள். தீப்பிடித்திருந்தால், அது அணைந்த பிறகும் நெடுநேரம் தண்ணீர் ஊற்றுவார்கள். "அணைஞ்சுடுச்சே, போதும்" என்று அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

ஏன் இவ்வளவு பயம்? கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லை அம்பாரமாகக் குவித்துவிட்டு இரண்டு நாள் கழித்துக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சுடும். வெளியே காற்றுப் படும் நெல் சூட்டை விட்டுவிடும். நடுவில் கிடக்கும் நெல்லுக்கு அந்த வழி இல்லை, அதன் சூடே அதை இன்னும் சூடாக்கும். கேட்டலிஸ்டுக்கும் இதேதான் நடக்கிறது. அதன் பெயர் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயு விடும், கொஞ்சம் சூடும் விடும். வெளியே போகும் சூட்டைவிட உள்ளே பிறக்கும் சூடு அதிகமானால் அதற்கப்புறம் அதை யாரும் நிறுத்த முடியாது. படகு வேலையில் வழக்கமாக ஓடும் சரக்குக்கு அந்த எல்லை ஏறக்குறைய 60 டிகிரி. கத்திரி வெயிலில் உங்கள் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். லேபிளில் 30 டிகிரிக்குக் கீழே வை என்று போடுவது அலங்காரத்துக்கு இல்லை. பாத்திரம் பெரிதாக ஆக அந்த எல்லை இன்னும் இறங்கும், ஏனென்றால் பெரிய கேனின் நடுவில் இருப்பது அம்பாரத்தின் நடு நெல் மாதிரி. சில்லறை கேன்களை எல்லாம் ஒரே டிரம்மில் கொட்டி வைத்தால் இடம் மிச்சம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெல் சூடானால் கிளறிக் காயப்போடலாம். இதைக் கிளறக் கூடாது.

இனி அந்த டீலர். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நல்ல கம்பெனி கேனின் மூடியில் வாயு தப்பிப் போக ஒரு சின்ன வழி இருக்கும். கேனை எப்போதும் நேராகத்தான் நிறுத்த வேண்டும் என்பது அதனால்தான். ஊதிப்போகிற கேன்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது, பெரிய கேனிலிருந்து பிரித்து ஊற்றி, கிடைத்த கேனில் கிடைத்த சாதா மூடியைப் போட்டு இறுக்கிய சரக்கு. வாயுவுக்குப் போக இடமில்லை, கேன் ஊதுகிறது. "அப்படியென்றால் அது வெறும் வாயுதானே, திறந்தால் சரியாகிவிடும்" என்பீர்கள். உள்ளே சிதைவு ஓட ஆரம்பித்துவிட்டதா, வெறும் வாயு தேங்கியதா என்று வெளியே நின்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. மூடியைத் திருகும்போது திரவம் முகத்தில் பீய்ச்சும். திருகிப் பார்க்கச் சொன்னவர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார், தன் கடையில் உட்கார்ந்திருப்பார்.

இதைவிட மோசமானது கூல்டிரிங்க் பாட்டில். கால் லிட்டர், அரை லிட்டர் வேண்டும் என்று போனால் காலி சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் கடைகள் நம் பகுதியில் உண்டு. ஒரு ஷெட்டில் அப்படிப்பட்ட பாட்டில் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளிக்குப் பக்கத்தில் நின்றதை நானே பார்த்தேன். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், தாகத்தில் வருகிறவன் எடுத்து ஒரு மிடறு குடித்தால் வாயும் உணவுக்குழாயும் வெந்துவிடும். அப்படிக் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேரே 108. சரக்கைப் பெருக்க அசிட்டோன் கலந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். தயாரிப்பாளர்கள் அதைக் கண்டிப்பாக வேண்டாம் என்பார்கள். சாந்தமாக இருப்பதற்காகத்தான் கேட்டலிஸ்டை ஓர் எண்ணெய்த் திரவத்தில் கரைத்து விற்கிறார்கள். அசிட்டோனைச் சேர்த்தால் அந்தச் சாந்தம் போய் வெடிக்கிற சரக்காகிவிடும். சீல் உடைந்த கேன், லேபிள் கிழிந்த கேன், தேதி இல்லாத கேன் எதையும் வாங்காதீர்கள். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

கோபால்ட் சங்கதி சுருக்கமாக: இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. கோபால்டை முதலில் ரெசினில் கலக்கி, நன்றாகக் கரைந்த பிறகுதான் கேட்டலிஸ்ட், அதுவும் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. கேட்டலிஸ்டும் கோபால்டும் தனியாக ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் அந்த நிமிடமே தீயோ வெடிப்போ. ஒரே ரேக் கூடாது, நடுவே ஒரு சுவராவது இருக்க வேண்டும். பித்தளைப் புனல், துருப்பிடித்த டின், கோபால்ட் ஊற்றிய அதே மக் எதுவும் கேட்டலிஸ்ட் பக்கம் வரக் கூடாது. சிந்தினால் துணியாலோ மரத்தூளாலோ துடைத்துக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், அது அங்கேயே பற்றிக்கொள்ளும். சுத்தமான மணலைப் போட்டுத் தண்ணீரால் நனைத்து, பிளாஸ்டிக் பாத்திரத்தில் இறுக்கி மூடாமல் திறந்தவெளியில் வையுங்கள்.

சூடானால், புகைந்தால் வெளியே ஓடு என்பதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். கேட்டலிஸ்ட் கலந்த ரெசின் மக்கில் மிஞ்சிப்போய், மக் சூடாகி, புகைய ஆரம்பிக்கும். உங்கள் ஷெட்டில் மாதத்துக்கு ஒரு தடவையாவது நடந்திருக்கும். இதைப் பார்த்து ஓடவோ 101-ஐக் கூப்பிடவோ தேவையில்லை. அது ரெசின் இறுகும் சூடு, கேட்டலிஸ்ட் தனியாகச் சிதைவது வேறு. மக்கை நீளமான இடுக்கியால் பிடித்து வெளியே மணலில் வைத்து, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள். மிஞ்சியதை மக்கிலேயே குவித்து வைக்காமல் ஒரு பழைய தகட்டில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் அந்தச் சூடே வராது, நெல்லைக் காயப்போடுகிற கணக்குதான். இதை விதிவிலக்கு என்று நான் சொல்வது கலந்த ரெசினுக்கு மட்டும். அளந்து வைத்த கேட்டலிஸ்ட் கப் புகைகிறது, அல்லது அந்தக் கப்பில் யாரோ கோபால்டையும் ஊற்றிவிட்டார்கள் என்றால் அது இந்த விதிவிலக்கில் சேராது, ஓடுங்கள். எது ரெசின், எது வெறும் கேட்டலிஸ்ட் என்று சந்தேகம் வந்தாலும் ஓடுங்கள். ரெசின் மக்குக்கும் கேட்டலிஸ்ட் கப்புக்கும் வேறு வேறு நிறம் வைத்துக்கொண்டால் அந்தச் சந்தேகமே வராது. இந்த ஓர் ஏற்பாட்டை எத்தனை ஷெட்டில் சொல்லியிருக்கிறேன், சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். அந்த நொடியே தண்ணீர், இமையை விரித்துப் பிடித்து விடாமல் 15 நிமிடம், பிறகு ஆஸ்பத்திரி. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் வேண்டாம். இதனால் பார்வையே போகும், அதனால் கண்ணாடி போடாமல் கேட்டலிஸ்ட் அளக்காதீர்கள்.

ஆற்றில் ஊற்றுவது பற்றி டீலர் சொன்னதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? வாய்க்காலில் மீன் செத்து மிதந்தால் அடுத்த நாள் பழி உங்கள் ஷெட்டுக்குத்தான். மண்ணில் புதைக்கவும் கூடாது. சட்டப்படி இது அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் அதற்கென்று இடம் இருக்கிறது, நாகையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஊதிய கேனை பஸ்ஸில் எடுத்துக்கொண்டா போக முடியும்? 1996-இல் வந்த ரசாயன விபத்து விதிகளில் மாவட்டத்துக்கு ஒரு நெருக்கடிக் குழு, அதற்குக் கலெக்டர் தலைவர் என்று இருக்கிறது. அந்த விதிகள் நினைப்பது டன் கணக்கில் வைத்திருக்கும் பெரிய ஆலைகளை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. படகு கொடுத்தவர்கள் நிறையப் பேர். அதை ஒட்டும் திரவத்தை எந்தச் சூட்டில் வைப்பது என்று கடற்கரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. 5 லிட்டர் வைத்திருப்பவன் யாரிடம் போவது என்று எந்தப் பலகையிலும் எழுதவில்லை. அதனால்தான் இந்தத் தொழிலில் டீலர் வாக்கே சட்டமாக ஓடுகிறது. இப்போதைக்குத் தீயணைப்பு நிலையம் வந்து பார்த்த பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் கொடுங்கள், தயாரித்த கம்பெனியின் அவசர எண்ணையும் கூப்பிடுங்கள். எழுத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், அது இல்லாமல் அங்கே எதுவும் நகராது.

லைசென்ஸ் ஆசாமிக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். எந்தத் துறை, எந்த விண்ணப்பம், கட்டணத்துக்கு அரசு ரசீது உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள், ஆள் காணாமல் போவார். உங்கள் அளவுக்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைத் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் நேரில் கேளுங்கள். காகிதம் சட்டப்படி சரியாக இருந்தாலும் தகரக் கூரையின் சூடு குறையாது. இனிமேல் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஓட்டுக் கூரையுள்ள, காற்றோட்டமான, வெயில் விழாத தனி அறையில் வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜ் அதற்கு ஆகாது.

மற்ற இரண்டு கேனும் அதே டீலரிடம் வாங்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் அவற்றின் மூடி எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் உள்ளே போகாதீர்கள். மூன்றும் சேர்த்தே போனில் சொல்லுங்கள்.